சொல் இல்லாத திருமணம்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், திருமணத்திற்குப் பெயர் கொடுக்க ஓர் இளைஞரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் எங்கள் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தனர். ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறுகளைக் குறித்துக்கொண்டதும், அந்த இளைஞர் தம் கைபேசியை என் முன் வைத்தார். "ஃபாதர், எங்கள் கல்யாண வீடியோவும் இப்படி அமைய வேண்டும். அன்று பகல் வெளிச்சம் எங்களுக்கு நிறையத் தேவைப்படும். பூசையைச் சற்று முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். கடற்கரைத் திருமணம் ஒன்றின் 'ஹைலைட்ஸ்' படம் அது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையே ஒரு கோவில் காட்சி மின்னலைப் போல் வந்து மறைந்தது. அதில் ஒரு குருவின் தோள் மட்டும் தெரிந்தது. அந்தத் தோள் என்னுடையது.

தான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி படமாகி வரும்போது, அதை எடைபோடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. எது நடந்தது, எது படத்தில் நின்றது, எது விடுபட்டது என்று அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு முடிந்தது. ஆகவே அப்படத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிறகு, அம்மணமக்களிடம் அனுமதி பெற்று இதை எழுதுகிறேன். அவர்கள் யார், படம் எடுத்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. இது கண்டன அறிக்கை அன்று. நம் இல்லங்களில் இன்று மிகுதியாகப் பார்க்கப்படும் ஒரு கலை வடிவத்தைப் பற்றிய திறனாய்வு என்றே வாசகர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

மணமக்கள் இருவருக்கும் சொந்தப் பங்கு சென்னையில். கடற்கரையில் மணமுடிக்க விரும்பி, தத்தம் பங்குத்தந்தையரிடம் கடிதம் பெற்றுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள எங்கள் ஊருக்கு வந்தார்கள். இவ்வாறு காட்சிக்காகவே ஓரிடத்தைத் தேர்ந்து, உறவினரை அங்கே வரவழைத்து நடத்தும் திருமணத்தை 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்கிறார்கள். கத்தோலிக்கரின் திருமணம் பங்குக் கோவிலில் நிறைவேற வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டத்தின் பொது நெறி (எண் 1118). தகுந்த வேறிடத்தில் நடத்த மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும். எனவே காலையில் கோவிலில் திருப்பலியும் திருமணமும் நடந்தன. மாலையில் ஒரு ரிசார்ட்டின் முன்னுள்ள மணலில் வெண்துணிப் பந்தலிட்டு, மணமக்கள் தாங்களே எழுதிய அன்பு மொழிகளை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் வாசித்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே அந்த நாள்.

படம் ஓடும் நேரம் 5 நிமிடம் 40 நொடி. என் கணக்கில் 170 துண்டுகள் அதில் இருக்கின்றன. சராசரியாக ஒரு துண்டுக்கு 2 நொடி. கோவிலுக்குக் கிடைத்த நேரம் மொத்தம் 11 நொடி.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். எடுத்தவர் கைதேர்ந்தவர். விடுதி அறையின் சன்னல் வழியாக விழும் இளவெயிலில், பாட்டியார் ஒருவர் பேத்தியின் கூந்தலில் பூச்சரத்தைச் செருகுகிறார். வயதான விரல்கள் நடுங்குகின்றன. ஊசி இருமுறை தவறுகிறது. கேமரா அவசரப்படாமல் அந்த விரல்களிடமே நிற்கிறது. அந்த 6 நொடிகள் நல்ல சினிமா. மணலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடும் சிறுவன், காற்றில் பறக்கும் முந்தானையைப் பல்லால் கவ்விக்கொண்டு தட்டு ஏந்தி வரும் அத்தை ஆகிய இவையெல்லாம் உண்மையான கண் உள்ளவனுக்கே அகப்படும். இத்தகையவரைத் திறமையற்றவர் என்று ஒதுக்க முடியாது. அதனால்தான் அவர் விட்டுவிட்டது என்னை உறுத்துகிறது.

இப்படத்தின் உயிர்நாடி ஸ்லோமோஷன் என்னும் உத்தி. அதன் செயல்முறையைச் சற்றே விளக்குகிறேன். என் மனக்குறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டு வீடியோவில் வழக்கமாக ஒரு நொடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடுகின்றன. கேமரா நொடிக்கு 100 சட்டங்களைப் பதிவு செய்து, அவற்றை 25 வீதம் ஓடவிட்டால், ஒரு நொடி நான்கு நொடியாக நீளும். அலை மெல்ல எழும். முக்காடு மெல்லப் பறக்கும். சாதாரணச் சிரிப்பும் காவியச் சிரிப்பாகும். கண்ணுக்கு இது விருந்து, காதுக்கோ பட்டினி. நான்கு மடங்கு இழுக்கப்பட்ட குரல் குரலாக இராது. பல கேமராக்களில் இம்முறையில் எடுக்கும்போது ஒலி பதிவாவதே இல்லை. ஸ்லோமோஷனும் மனிதச் சொல்லும் ஒரே கூரையின்கீழ் வாழ இயலாதவை. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மற்றது வெளியேறிவிடும்.

அத்துடன் கடற்கரை ஒலிப்பதிவுக்கு உகந்த இடமும் அன்று. காற்று மைக்கில் மோதி இரையும். அலையோசை இடைவிடாது அடியில் ஓடும். சட்டையில் சிறு மைக் பொருத்தி, அதற்குப் பஞ்சுபோன்ற உறையும் மாட்டிப் பொறுமையாக உழைத்தால்தான் பேச்சு தெளிவாகக் கிடைக்கும். அதைவிட எளிய வழி, பதிவான ஒலி அனைத்தையும் நீக்கிவிட்டு ஓர் இசையை மேலே பரப்பிவிடுவது. இப்படத்தில் அதுவே நடந்திருக்கிறது. முதல் நொடி தொடங்கி இறுதி வரை பியானோ ஒலிக்கிறது. மணலில் மணமக்கள் வாசித்த அன்பு மொழிகள் கேட்கவில்லை, உதடுகள் அசைகின்றன. கோவிலிலும் உதடுகள் அசைகின்றன. 5 நிமிடம் 40 நொடியில் ஒரு மனிதக் குரலும் இல்லை.

இது சிறிய குறை என்று வாசகர்கள் நினைக்கலாம். இறையியல் பயின்றவனுக்கு இது சிறிதாகத் தோன்றவில்லை. திருமணத்தை உண்டாக்குவது எது? மாலையா, மோதிரமா, தாலியா, குருவின் ஆசியா? இலத்தீன் திருச்சபையின் மரபு தெளிவாகச் சொல்கிறது: மணமக்களின் மன இசைவே திருமணத்தை உண்டாக்குகிறது, அந்த இசைவை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது (எண் 1057). அவ்விசைவைப் பேச இயன்றவர்கள் சொற்களாலேயே வெளிப்படுத்த வேண்டும் (எண் 1104). இன்பம், துன்பம், நலம், நோய் எதுவரினும் வாழ்நாளெல்லாம் பிரமாணிக்கமாயிருப்பதாக ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் அந்தச் சில சொற்களில்தான், அதுவரை தனித்தனியாக நின்ற இருவர் கணவனும் மனைவியும் ஆகிறார்கள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது. மற்றவை அனைத்தும் இந்த அரை நிமிடத்தைச் சூழ்ந்து நிற்கும் அழகுகள். 'ஹைலைட்ஸ்' என்றால் முக்கியமானவற்றைத் திரட்டித் தருவது என்று பொருள் கொள்கிறோம். இப்படமோ செருப்பைக்கூட விடாமல் திரட்டிவிட்டு, திருமணத்தை விட்டுவிட்டது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், திருமணத்திற்கு ஆயத்தமாகும் நாள்கள் அழைப்பிதழ், ஆடை, விருந்து ஆகியவற்றிலேயே கரைந்துபோவதைப் பற்றி வருந்துகிறார். தாம் சொல்லும் இசைவுச் சொற்களின் ஆழத்தை மணமக்களே சில வேளைகளில் உணர்வதில்லை என்றும் சுட்டிக்காட்டுகிறார். உணராமல் சொன்ன சொல்லைப் பின்னாளில் மீண்டும் கேட்டு உணர வழி உண்டு. கேட்கவே வழியின்றிப் போனால் என் செய்வது? மணமகனிடம் அனுமதி கேட்கச் சென்றபோது, "அன்று நீங்கள் சொன்ன வார்த்தைகள் நினைவிருக்கின்றனவா?" என்று வினவினேன். அவர் வெட்கத்துடன் சிரித்தார். "படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்போம், ஃபாதர். வார்த்தைகள் அதில் இல்லையே" என்றார்.

அடுத்து, படத்தொகுப்பைப் பற்றி. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் லெவ் குலெஷோவ் என்னும் ரஷ்யத் திரைக்கலைஞர் செய்த சோதனை ஒன்று திரைப்பட வரலாற்றில் புகழ்பெற்றது. ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் மறுமுறை சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினால், பார்ப்பவர் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் அம்முகத்தில் காண்கிறார்கள் என்பது அதன் சாரம். முகம் ஒன்றே, அருகில் வைத்ததுதான் வேறு. இந்த ஆற்றல் படத்தொகுப்பாளர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. நம் படத்தில், மணமக்கள் கைகோத்து மணலில் ஓடும் காட்சிக்கு அடுத்து மணமகளின் தாயார் கண்ணீர் சிந்துகிறார். பார்ப்பவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்றே கொள்வார். நான் பீடத்தருகே நின்றவன். அந்தக் கண்ணீர் காலையில், விசுவாசிகள் மன்றாட்டின்போது வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் கணவரின் பெயர் வாசிக்கப்பட்டதும் அந்த அம்மையார் உடைந்துபோனார். அன்று அந்தக் கோவிலில் இறந்தவரும் உயிரோடிருப்பவரும் ஒரே மன்றாட்டில் இணைந்தார்கள். கைம்பெண் ஒருவரின் துயரம் இசைக்கு ஏற்ற அணிகலனாகிவிட்டது. தொகுத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒலியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இறுதிக் காட்சிக்கு வருகிறேன். செந்நிறக் கதிரவன் மெல்லக் கடலுக்குள் இறங்க, மணமக்கள் அதை நோக்கி நிற்கப் படம் முடிகிறது. மிக அழகிய காட்சி. ஆனால் எங்கள் கடற்கரையில் கதிரவன் கடலில் மறைவதில்லை, கடலில் உதிக்கிறது. சோழமண்டலக் கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். மாலையில் கதிரவன் நிலத்தின் பக்கம், சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னே இறங்கும். கடலில் மறையும் கதிரவனே வேண்டுமென்போர் கோவாவுக்கும் கேரளத்திற்கும் செல்வது அதனால்தான். அப்படியானால் இக்காட்சி எங்கிருந்து வந்தது? கோவில் வேலைக்கு உதவும் மீனவச் சிறுவன் ஒருவன் என் தோளருகே நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் முடிச்சை அவிழ்த்தான். "சாமி, அந்தப் படகைப் பாருங்க. பின்பக்கமா கரைக்கு வருது." உண்மைதான். தொலைவில் ஒரு ஃபைபர் படகு அணியம் கடலை நோக்கியிருக்கப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் விடியற்காலையில் எடுத்த உதயத்தைப் பின்னோக்கி ஓடவிட்டு அஸ்தமனமாக்கியிருக்கிறார்கள்! தொழிலுக்குப் புறப்பட்ட மனிதரைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் அந்தச் சிறுவன் கண்ட படகைத் தொகுத்தவர் ஏன் காணவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். அவருக்கு அந்தப் படகு ஒரு கறுப்புப் புள்ளி. அன்று மாலை பந்தலின் முன் காய்ந்துகொண்டிருந்த வலைகளைப் படப்பிடிப்புக்காக இரண்டு மணி நேரம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அப்புறப்படுத்தியவர்கள் என் பங்கு மக்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்ததும் இக்கரை மீதுதான். இம்மக்களுக்குக் கடல் தொழிற்களம், கல்லறை, மன்றாடும் இடம். ட்ரோன் கேமராவின் உயரத்திலிருந்து பார்த்தால் வெறும் நீலம். மேலிருந்து நோக்கும் அப்பார்வையைக் கடவுளின் பார்வை என்று சிலர் வருணிப்பதுண்டு. நாம் நம்பும் கடவுள் மேலிருந்து பார்த்ததோடு நிற்கவில்லை. இறங்கி வந்து திருமண வீட்டின் பந்தியில் அமர்ந்தார்.

கானாவூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் அத்திருமணமும் தொகுக்கப்பட்ட ஒன்றே. பதினொரு வசனங்களில் முடிந்துவிடுகிறது. மணமகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மணமகன் பந்தி மேற்பார்வையாளரின் பேச்சைக் கேட்பதோடு சரி. ஆடை, அலங்காரம், இசை எதுவும் இல்லை. யோவான் எவற்றைத் தெரிந்தெடுத்தார்? ஒரு குறை, அதைக் கண்டுகொண்ட ஒரு தாய், தாய்க்கும் மகனுக்கும் இடையே ஓர் உரையாடல், ஆறு கல்தொட்டிகள், தண்ணீர் மொண்ட பணியாளர்கள். இரசம் எங்கிருந்து வந்தது என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை, பணியாளருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கவனமாகக் குறித்து வைத்தார். நம் படம் வெட்டியெறிந்த பணியாளர்களையும் சொற்களையும் குறைகளையும் அவர் வைத்துக்கொண்டார். எழுதப்படாதவை இன்னும் பல உண்டு என்று தம் நூலின் இறுதிப் பகுதியில் ஒப்புக்கொண்டு, எழுதியவற்றை எதற்காக எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறார்: நாம் நம்பி வாழ்வு பெறுவதற்காக. ஆகவே வெட்டுவது குற்றமன்று. எதற்காக வெட்டுகிறோம் என்பதே கேள்வி. சாட்சி சொல்வதற்காக ஒருவர் தெரிந்தெடுக்கிறார். வியக்க வைப்பதற்காக மற்றவர் தெரிந்தெடுக்கிறார்.

சினிமாவுக்குச் சொல்லைத் தாங்கும் வலிமை இல்லை என்பாரும் உண்டு. டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரையர் 1955-இல் எடுத்த படத்தின் பெயரே 'சொல்' என்று பொருள்படும். சினிமாவின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 1995-இல் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. அதில் காட்சிகள் பல நிமிடங்கள் வெட்டின்றி ஓடும். மனிதர் பேசுவார்கள், கேட்பார்கள், மௌனமாக இருப்பார்கள். கேமரா காத்திருக்கும். காத்திருக்கத் தெரிந்த கேமராவுக்கு முன் சொல் தானாகவே ஒளி பெறுகிறது.

இதுவரை படத்தை எடைபோட்டேன். நீதியாக இருக்க வேண்டுமானால், படத்தில் தெரிந்த அந்தத் தோளையும் எடைபோட வேண்டும். அன்று இசைவுச் சொற்களை மணமகன் தொடங்கும் வேளையில், "ஃபாதர், கொஞ்சம் இடப்பக்கம்" என்று கேமராக்காரர் சைகை காட்டினார். நான் நகர்ந்தேன். மணமக்களின் இசைவைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுவதற்காகவே குரு அங்கே நிற்கிறார் (எண் 1108). நான் கேட்பவனாக நிற்பதைவிட மறைக்காதவனாக நிற்பதையே பெரிதாக எண்ணிவிட்டேன். தாலி கட்டியபின் மூன்றாம் முடிச்சு கேமராவில் விழவில்லை என்றார் அவர். மீண்டும் ஒருமுறை போடுவதுபோல் காட்டச் சொன்னார். கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. தலையசைத்தேன். படத்தின் 11 கோவில் நொடிகளில் 4 நொடி வருவது அந்த இரண்டாவது முடிச்சுதான். நடந்தது படத்தில் இல்லை, நடித்தது இருக்கிறது. அதற்கு அனுமதி கொடுத்தவன் நான். கேமராக்காரர் தம் தொழிலைச் செய்தார். என் தொழிலை நான் செய்திருந்தால், அவர் கண்ணுக்கு எது முக்கியம் என்பது விளங்கியிருக்கும். திருமணத்திற்கு முன் மணமக்களைச் சந்தித்துப் பேசுகிறோம். பாடகர் குழுவிடம் பேசுகிறோம். படம் எடுப்பவரிடம் எவரும் பேசுவதில்லை. இனி நான் பேசப் போகிறேன்.

பேசவேண்டியது அதிகமில்லை. லூமியேர் சகோதரர்கள் 1895-இல் தங்கள் குடும்பத்துக் குழந்தைக்கு உணவூட்டும் காட்சியைப் படமெடுத்தார்கள். ஒரே இடத்தில் நின்ற கேமரா. ஒரு நிமிடத்திற்கும் குறைவான, வெட்டில்லாத ஒரே காட்சி. பின்னே காற்றில் அசையும் இலைகள். நூறாண்டுக்கு மேலாகியும் அது நம்மை நெகிழ வைக்கிறது. கோவிலிலும் அதுபோல் ஒரு கேமரா மும்மூன்று கால் தாங்கியில் அசையாமல் நிற்கட்டும். மணமகனின் சட்டைப் பையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கட்டும். இசைவுச் சொற்கள் மட்டும் முழுமையாக, இயல்பான வேகத்தில், இசையின்றிப் படத்தில் இடம்பெறட்டும். மற்ற ஐந்து நிமிடங்களில் அலையும் பறக்கட்டும், முக்காடும் பறக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

அன்று மாலை என் முன் அமர்ந்திருந்த அந்த இருவரிடமும் இதைத்தான் கூறினேன். இளைஞர் யோசித்தார். பெண், "அந்தச் சொற்கள் என்னென்ன, ஃபாதர்? இப்போதே கேட்கலாமா?" என்றாள். திருமணச் சடங்கு நூலை எடுத்து நிதானமாக வாசித்துக் காட்டினேன். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள், "இதை நாங்கள் மனப்பாடம் செய்தே சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். கட்டாயமில்லை, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாலும் போதும் என்றேன். "இல்லை, மனப்பாடம் செய்துகொள்கிறோம்" என்றார் அந்த இளைஞர்.

திருப்பலியை எட்டரை மணிக்கு வைத்துக்கொள்ளவும் சம்மதித்தேன். எங்களுடையது கடலோரக் கோவில். நேரம் ஏற ஏறக் கடற்காற்று வலுத்துச் சன்னல் வழியே மைக்கில் இரையத் தொடங்கிவிடும். காலையில் சொன்னால் சொல் கேட்கும்.